எலும்பு ஸ்கேன் தவறாகத் தெரிந்தால்: ஹாட் லேபில் பிழை தேடும் வழி

“சார், இந்த அம்மாவுக்கு வயிறு தெரிகிறது. கிட் சரியில்லையா?”

கதிரியக்க மருந்துகளைக் கலக்கும் ஹாட் லேபுக்குக் கேமரா அறையிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், உடனே குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்கத் தோன்றும். வேண்டாம். நடந்ததற்கு அந்தக் குப்பிதான் சாட்சி. அதை ஈயப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, முதலில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இதே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களின் படம் எப்படி இருக்கிறது?

எல்லோருக்கும் ஒரே குறை என்றால் மருந்தையோ கேமராவையோ சந்தேகிக்கலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் ஊசி போட்ட விதத்தையோ அவருடைய உடல்நிலையையோ பார்க்க வேண்டும். காலையில் போட்டவர்களுக்கு நன்றாக இருந்து, பிற்பகலில் போட்டவர்களுக்கு மட்டும் கெட்டிருந்தால் குப்பிக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். கிட் மீது பழி போடுவது எளிது. அது பதில் பேசாது. ஆனால் நம் துறையில் கிட் தயாரித்தவரின் தவறால் கெட்ட படங்களைவிட, கலக்கியவரின் கைவேகத்தாலும் நோயாளியின் உடல்நிலையாலும் மாறிய படங்களே அதிகம் என்பது என் கணிப்பு.

இங்கே பேசுவது டெக்னீசியம்-99எம் எம்.டி.பி. பற்றி, அதாவது கதிரியக்க டெக்னீசியத்தை மெத்திலீன் டைபாஸ்போனேட்டுடன் (எம்.டி.பி.) சேர்த்த மருந்து. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, எக்ஸ்ரேயில் சிக்காத முறிவு உண்டா, எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதா, பேஜெட் நோயா என்றெல்லாம் பார்க்க அன்றாடம் பயன்படும் தடங்காட்டி அதுதான். அளவு, கலக்கும் முறை, கெடு நேரம் ஆகியவற்றில் உங்கள் கிட்டோடு வரும் தாளில் இருப்பதே முடிவானது. இந்தக் கட்டுரை அதற்கு மாற்று அல்ல.

குப்பிக்குள் என்ன நடக்கிறது

ஜெனரேட்டர் என்பது மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம் உண்டாகும் கருவி. அதிலிருந்து வரும் டெக்னீசியம், பெர்டெக்னெட்டேட் வடிவில் இருக்கிறது. அந்த நிலையில் அதற்கு எலும்பின் மீது எந்த ஆசையும் கிடையாது. எதனோடும் எளிதில் சேராது. உலர்ந்த கிட்டில் சில மில்லிகிராம் எம்.டி.பி.யும், அதைவிட மிகக் குறைவாக ஸ்டானஸ் குளோரைடும், குப்பியின் காலியிடத்தில் நைட்ரஜனும் இருக்கும். ஸ்டானஸ் வெள்ளீயம் டெக்னீசியத்தை ஆக்சிஜனிறக்கம் செய்கிறது. இறங்கிய டெக்னீசியத்தை எம்.டி.பி. பிடித்துக்கொள்கிறது. இந்தக் கூட்டு எலும்பின் தாதுப் பரப்பில், குறிப்பாகப் புது எலும்பு உருவாகும் இடங்களில், போய் ஒட்டுகிறது.

1971இல் சிராக்யூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாலிபாஸ்பேட்டுடன் சேர்த்து எலும்பைப் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆனால் அதிலுள்ள பாஸ்பரஸ்-ஆக்சிஜன்-பாஸ்பரஸ் பிணைப்பை உடலின் நொதிகள் உடைத்துவிடுகின்றன. நடுவில் கார்பன் இருந்தால் அவற்றால் உடைக்க முடியாது. அந்தக் கார்பன் பிணைப்புள்ள எம்.டி.பி.யை சுப்பிரமணியன் குழு 1975இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு உலகெங்கும் ஹாட் லேப்களின் பிரிட்ஜில் அதற்கு நிரந்தர இடம்.

ஆக, குப்பியில் மூன்று விதமான டெக்னீசியம் இருக்கலாம். எம்.டி.பி.யோடு சேர்ந்தது நமக்கு வேண்டியது. சேராமல் பெர்டெக்னெட்டேட்டாகவே நிற்பது ஒரு கழிவு. ஆக்சிஜனிறக்கம் ஆகியும் எம்.டி.பி. கைக்குச் சிக்காமல் கூழ்மமாகத் திரண்டது இன்னொரு கழிவு. முதல் கழிவு வயிற்றையும் தைராய்டையும் காட்டும். இரண்டாவது கல்லீரலைக் காட்டும். மருந்துக் குறைகளில் பாதி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு தெரிகின்றன

அயோடைடை உள்ளே இழுக்கும் செல்கள் பெர்டெக்னெட்டேட்டையும் இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இந்த மூன்று இடங்களும் ஒன்றாகத் தெரிகின்றன. மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சேராத பெர்டெக்னெட்டேட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வயிறு மட்டும் தெரிந்து, கூடவே நுரையீரலும் மங்கலாகத் தெரிந்து, தைராய்டு சும்மா இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு வயிறு, நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மென்திசுக்களில் கால்சியம் படியும், எம்.டி.பி. அங்கேயும் போகும். அது மருந்துப் பிழை அல்ல, நோயின் சேதி. அந்த நோயாளியின் கால்சியம் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்வது உங்கள் கடமை.

சேராத பெர்டெக்னெட்டேட் என்று உறுதியானால் முதல் குற்றவாளி காற்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் காற்றில் சுமார் 9 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கிறது. அரை மில்லிகிராம் ஸ்டானஸ் குளோரைடு என்பது 3 மைக்ரோமோலுக்கும் குறைவு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு ஸ்டானஸ் அயனிகளைக் கெடுக்கும். அதாவது, சிரிஞ்சில் கவனிக்காமல் விட்ட ஒரு மில்லிலிட்டர் காற்று முழுவதும் வினைபுரிந்தால், அந்த அளவு ஸ்டானஸை ஆறு முறைக்கு மேல் அழித்துவிட முடியும். டெக்னீசியமோ 500 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) எடுத்தாலும் சுமார் 0.1 மைக்ரோகிராம்தான். வெள்ளீயம் போதவில்லை என்றால் அதைத் தின்றது டெக்னீசியம் அல்ல.

காற்று எப்படிப் புகுகிறது? பெர்டெக்னெட்டேட்டைச் செலுத்தும்போது குப்பிக்குள் அழுத்தம் ஏறும். அதைச் சரிசெய்ய, செலுத்திய அளவுக்கு உள்ளிருக்கும் நைட்ரஜனை அதே சிரிஞ்சால் திரும்ப இழுக்க வேண்டும். பழகாத கைகள் இதற்குப் பதில் ரப்பர் மூடியில் தனி ஊசி ஒன்றைக் குத்திவைத்து ‘மூச்சு விட’ விடுகின்றன. அழுத்தம் சரியாகிறது, கிட் போகிறது. இன்னொரு வழி, டோஸ் எடுக்கும்போது: 0.7 மில்லிலிட்டர் மருந்தை உறிஞ்சுவதற்கு முன் 0.7 மில்லிலிட்டர் காற்றை உள்ளே தள்ளும் பழக்கம். வார்டில் மற்ற மருந்துகளுக்கு இது சரியான முறை. அங்கிருந்து மாற்றலாகி வந்தவர்கள் இங்கும் செய்வார்கள். பத்து நோயாளிகளுக்கு எடுக்கும் குப்பியில் பத்து முறை காற்று ஏறும். காலையில் நல்ல படம், மூன்று மணிக்கு மேல் வயிறு என்றால் யார் டோஸ் எடுத்தார், எப்படி எடுத்தார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்டால் சரியாகத்தான் சொல்வார்கள். கை வேறு மாதிரி செய்யும்.

குப்பி சோதனையில் தேறி, ஒரு நோயாளிக்கு மட்டும் வயிறு தெரிந்தால் அவருடைய சிரிஞ்சைச் சந்தேகியுங்கள். முன்கூட்டியே எடுத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழியோடு, அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்த சிரிஞ்சாக இருக்கும்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரப்பர் மூடியைத் துடைத்த கிருமிநாசினி காயும் முன் ஊசி குத்தினால் அதுவும் உள்ளே போகும். ஆல்கஹால் காயட்டும், அயோடின் கலந்தது வேண்டவே வேண்டாம். கரைப்பதற்கும் நீர்ப்பதற்கும் பதப்படுத்தி சேர்க்காத 0.9 சதவீத சலைன் மட்டுமே. தாளில் சொன்ன உச்ச அளவுக்கு மேல் டெக்னீசியம் ஊற்றினால் கதிர்வீச்சே நீரில் பெராக்சைடுகளை உண்டாக்கி வெள்ளீயத்தைக் கெடுக்கும். கெடு நேரம் தாண்டிய குப்பியில் ‘இன்னும் நாற்பது மில்லிகியூரி இருக்கிறதே’ என்று ஆசைப்படாதீர்கள்.

திங்கட்கிழமைப் பிழை என்று ஒன்றும் உண்டு. ஜெனரேட்டரை இரண்டு மூன்று நாள் தொடாமல் விட்டால் அதற்குள் டெக்னீசியம்-99எம் பெரும்பகுதி சிதைந்து, வேதியியலில் அதேபோல் நடந்துகொள்ளும் டெக்னீசியம்-99 ஆகிவிடும். 24 மணி நேர இடைவெளியில் எடுத்தால் மொத்த டெக்னீசிய அணுக்களில் கால் பங்குக்குச் சற்று மேல் நமக்கு உதவும் வகை. 72 மணி நேரமானால் எட்டு சதவீதம்தான். பயனில்லாத மீதியும் வெள்ளீயத்துக்குப் பங்கு கேட்கும். மூளை ஸ்கேனுக்கான எச்.எம்.பி.ஏ.ஓ. போன்ற, வெள்ளீயம் மிகக் குறைந்த கிட்களை இது சட்டென்று சாய்த்துவிடும். எம்.டி.பி.யில் வெள்ளீயம் தாராளம் என்பதால் இதைத் தனிக் காரணமாகச் சொல்ல நான் தயங்குவேன். காற்றும் சேர்ந்திருந்தால் தாக்கம் தெரியும். ஞாயிறு மாலை ஒருமுறை எல்யூட் செய்து (ஜெனரேட்டரில் சலைன் ஓட்டி டெக்னீசியத்தை எடுத்து) ஒதுக்கிவைக்க ஆள் இருந்தால் திங்கள் காலை நிம்மதி.

கல்லீரல் தெரிகிறது

கல்லீரல் சீராக, முழுவதும் தெரிந்து, மண்ணீரலும் லேசாகக் கூட வந்தால் கூழ்மம். இந்தத் துகள்களை அங்குள்ள விழுங்கு செல்கள் பிடித்துக்கொள்கின்றன.

முதலில் எல்யூட்டில், அதாவது ஜெனரேட்டரிலிருந்து எடுத்த கரைசலில், அலுமினியம் பாருங்கள். ஜெனரேட்டரின் தூண் அலுமினாவால் ஆனது. அதிலிருந்து அலுமினிய அயனி கழன்று வரலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. சோதனைத் தாளில் எல்யூட்டின் ஒரு துளியையும், 10 மைக்ரோகிராம் தரக் கரைசலின் ஒரு துளியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்; எல்யூட்டின் நிறம் அழுத்தமாக இருந்தால் அதைக் கிட்டில் ஊற்றக் கூடாது. அரை நிமிட வேலை. ஆனாலும் பல இடங்களில் இந்தத் தாள்கள் டப்பாவிலேயே காலாவதியாகின்றன.

அலுமினியம் சரியென்றால் குறுக்குச் சோதனை செய்யுங்கள். அதே எல்யூட்டை வேறு தொகுதிக் கிட்டில் கலக்கிப் பாருங்கள். அதே தொகுதிக் கிட்டை வேறு எல்யூட்டில் கலக்கிப் பாருங்கள். குறை எதைப் பின்தொடர்கிறதோ அதுதான் காரணம். ஒரு தொகுதியைப் பற்றிப் புகார் எழுதும் முன் இந்தச் சோதனை கையில் இருக்க வேண்டும். குளிர்ச்சியில் வைக்கச் சொன்ன கிட், விமான நிலையச் சரக்கு அறையில் மே மாத வெயிலில் கிடந்திருக்கலாம். பார்சல் வந்த நேரத்தையும், பிரித்தபோது பனிக்கட்டிப் பை எப்படி இருந்தது என்பதையும் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இப்போது கைகொடுக்கும்.

ஒருவருக்கு மட்டும் கல்லீரல் தெரிந்தால் கேள்விகள் வேறு. நேற்று அவருக்கு வேறு டெக்னீசிய ஸ்கேன் ஏதாவது செய்தார்களா? 24 மணி நேரத்தில் நான்கு அரை ஆயுள் கழியும், பதினாறில் ஒரு பங்கு மிஞ்சும். கல்லீரலில் மொத்தமாகத் தங்கும் மருந்தாக இருந்திருந்தால் அந்த மிச்சமே படத்தில் தெரியப் போதும். கல்லீரல் சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக ஏற்றால் அங்கே பரவிய புற்றுநோய்க் கட்டிகளாக இருக்கலாம். குடல் புற்றுநோயின் சில வகைகள் கால்சியம் படிந்து எம்.டி.பி.யை ஏற்கும். இதைக் கிட் தவறென்று நினைத்து மறுநாள் மீண்டும் ஊசி போடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

எலும்பே தெரியவில்லை

நுரையீரல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அல்லது சிறுநீரகம் மட்டும். அல்லது கல்லீரலும் குடலும். இதற்கு வேதியியல் வேண்டாம். வேறு கிட்டைக் கலக்கியிருக்கிறீர்கள். குப்பிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே அலுமினிய மூடி. பிரிட்ஜ் கதவருகே மங்கிய விளக்கில் நுரையீரல் ஸ்கேனுக்கான எம்.ஏ.ஏ.வும் எம்.டி.பி.யும் இரட்டைப் பிள்ளைகள். குப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்துப் பெயரையும் தொகுதி எண்ணையும் சரிபாருங்கள். இதே குப்பியிலிருந்து இன்னும் யாருக்கும் போகாமல் உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் வெளிவராது என்று நினைப்பவர்கள், படம் கணினியில் நிரந்தரமாகக் கிடக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

படம் நன்றாக இருக்கிறது, சோதனைத் தாள்தான் தேறவில்லை

இதை நான் மிகவும் ரசிக்கும் பிழை என்பேன். ஏனெனில் இங்கே பொய் சொல்வது மருந்து அல்ல, சோதனை.

முறை எளிதானது. இரண்டு சிறு பட்டைகள். அசிட்டோனில் ஓடும் பட்டையில் சேராத பெர்டெக்னெட்டேட் மட்டும் மேலே ஏறும். சலைனில் ஓடும் சிலிக்கா பட்டையில் கூழ்மம் மட்டும் கீழே தங்கும். ஓடி முடிந்ததும் பட்டைகளை வெட்டி, துண்டு துண்டாக எண்ணிக்கை எடுக்கிறோம். அசிட்டோன் பட்டையில் கீழே 48,000, மேலே 1,200 என்றால் சேராதது 2.4 சதவீதம். சலைன் பட்டையில் கீழே 1,500, மேலே 46,500 என்றால் கூழ்மம் 3.1 சதவீதம். இரண்டையும் 100இலிருந்து கழித்தால் தூய்மை 94.5 சதவீதம். 90க்குக் கீழே போனால் பயன்படுத்தக் கூடாது. 95 இருந்தால்தான் மனம் ஆறும் என்று இருப்பவர்களும் உண்டு.

இப்போது இதே சோதனையைச் சூடான பட்டையோடு செய்யுங்கள். பெரிய துளி, அதிகக் கதிரியக்கம். எண்ணும் கருவிக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது; அதற்கு மேல் வரும் கதிர்களை அது எண்ணாமல் தவறவிடும். அதிகக் கதிரியக்கம் உள்ள துண்டு, அதாவது நல்ல மருந்து இருக்கும் துண்டு, குறைவாக எண்ணப்படும். சிறு துண்டு, அதாவது கழிவு, சரியாக எண்ணப்படும். விகிதம் மாறி, நல்ல மருந்து கெட்டதாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அதே துண்டுகளை மூடிவைத்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு துண்டும் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். சிறிய துண்டு பாதியாகி, பெரிய துண்டு கொஞ்சம்தான் குறைந்திருந்தால் கருவி திணறியிருக்கிறது. நோயாளி காத்திருக்கும்போது ஆறு மணி நேரம் ஏது? துளியைச் சிறிதாக வைத்தோ, கருவியிலிருந்து தூரத்தில் பிடித்தோ மறுபடி எடுங்கள்.

மற்றொன்று, துளி வைத்த பட்டையை மேசையில் வைத்துவிட்டு டம்ளரில் அசிட்டோன் தேடுவது. காற்றில் காயும் துளியில் மருந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து பட்டையிலேயே பெர்டெக்னெட்டேட்டாக மாறும். கரைப்பான் முதலில், துளி பிறகு. கரைப்பானின் மட்டம் துளிக்குக் கீழே இருக்கட்டும். மேலே போனால் மருந்து கரைப்பானுக்குள்ளேயே கரைந்துவிடும். மாதக்கணக்கில் திறந்து மூடிய அசிட்டோன் நீரை உறிஞ்சியிருக்கும், அதில் எம்.டி.பி.யும் மெல்ல நகர ஆரம்பிக்கும்.

ஜெனரேட்டரிலிருந்து குறைவாக வருகிறது

எல்யூஷன் குப்பியைக் கண்ணால் பாருங்கள், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று. கொள்ளளவு வந்திருக்கிறதா?

கொள்ளளவே குறைவு என்றால் வெற்றிடப் பிரச்சினை: குப்பியில் வெற்றிடம் போயிருக்கிறது, ஊசி ரப்பரின் நடுவில் ஏறவில்லை, அல்லது குப்பியை ஒருமுறை குத்தி எடுத்து மறுபடி குத்தியிருக்கிறார்கள். புதிய வெற்றிடக் குப்பி போட்டால் சரியாகும். கொள்ளளவு முழுவதும் வந்து கதிரியக்கம் மட்டும் குறைந்தால் கணக்கைப் பாருங்கள். லேபிளில் எழுதியிருப்பது குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட மணிக்கான அளவு. மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி நேரம், நாளொன்றுக்கு 22 சதவீதம் குறையும். நேற்று மாலை யாராவது அவசரத்துக்கு எல்யூட் செய்தார்களா? டெக்னீசியம் உச்சத்துக்கு வளர ஏறக்குறைய 23 மணி நேரம் வேண்டும். ஆறு மணி நேரத்தில் பாதிதான் தேறும். கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிபரேட்டர் வேறு ஐசோடோப்பில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். முந்தைய நாள் அயோடின் அளந்த இடத்தில் இது சகஜம்.

கணக்கும் சரி, கொள்ளளவும் சரி என்றால் தூணில் ஈரம். உலர் வகை ஜெனரேட்டரில் சலைன் முழுவதும் போன பிறகு காற்று தூண் வழியே ஓடி அதை உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெற்றிடக் குப்பியை முன்பே பிடுங்கினால் சலைன் உள்ளே தேங்கும். கதிர்வீச்சு அந்த நீரைச் சிதைத்து, டெக்னீசியத்தில் ஒரு பகுதி தூணை விட்டு வராத வடிவத்துக்கு மாறும். இன்னொரு முறை முழுதாக எல்யூட் செய்து, காற்று ஓடி முடியும்வரை காத்திருங்கள். அடுத்த நாள் சரியாக வந்துவிடும்.

மாலிப்டினம் அதிகம்

தூணிலிருந்து மாலிப்டினம் கழன்று வந்தால் நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு. டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் சுமார் 6 மில்லிமீட்டர் ஈயத்தில் நின்றுவிடும். மாலிப்டினத்தின் 740ஐ ஒட்டிய கதிர்கள் ஊடுருவும். ஆகவே எல்யூட்டை ஈயக் குவளையில் வைத்து அளந்தால் மாலிப்டினம் மட்டும் தெரியும். எல்லை, ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி. அதுவும் நோயாளிக்குப் போடும் நேரத்தில். எல்யூட் செய்த நேரத்தில் அல்ல.

காலை 8 மணிக்கு 500 மில்லிகியூரி டெக்னீசியத்தில் 30 மைக்ரோகியூரி மாலிப்டினம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.06, கவலையில்லை. பிற்பகல் 2 மணிக்கு டெக்னீசியம் 250 ஆகும், மாலிப்டினம் 28தான் ஆகும்; விகிதம் 0.11. மாலை ஐந்துக்குள் எல்லையைத் தொட்டுவிடும். காலையில் ‘தேறியது’ என்று எழுதிய குப்பி மாலையில் தேறாது.

அளவு திடீரென்று உயர்ந்தால் முதலில் அறையின் பின்னணியைப் பாருங்கள். பக்கத்து மேசையில் திறந்துகிடக்கும் பழைய ஜெனரேட்டரே கணக்கில் ஏறியிருக்கலாம். பின்னணியைக் கழித்த பிறகும் அதிகம் என்றால் அந்த எல்யூட்டை ஒதுக்குங்கள். அடுத்ததும் அதிகம் என்றால் ஜெனரேட்டரையே நிறுத்துங்கள். பயணத்தில் கீழே விழுந்து தூண் குலைந்திருக்கலாம்.

உடல் முழுவதும் மூட்டமாக இருக்கிறது

எல்லோருக்கும் மூட்டம் என்றால் கேமராவின் ஆற்றல் சாளரம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கோபால்ட்-57 தகட்டை வைத்து 122இல் சோதித்தவர் 140க்குத் திருப்ப மறந்திருப்பார்.

ஒருவருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நேரமும் தண்ணீரும். எலும்புக்குப் போகாத பாதி மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறினால்தான் எலும்பு தனித்துத் தெரியும். அதற்குத்தான் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்த வயதானவர்கள், கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலேயே உட்கார்ந்திருப்பார்கள். ‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்று சொன்னால் மட்டும் போதாது, பாட்டிலைக் கையில் கொடுத்து, கழிப்பறையையும் காட்டுங்கள். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நேரத்தை நீட்டலாம். தண்ணீர் அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாறாக, எலும்பு மிகப் பிரகாசமாகவும் மூட்டம் துளியும் இல்லாமலும் சிறுநீரகம் தெரியாமலும் இருந்தால் ‘என்ன அருமையான கிட்’ என்று மெச்சிக்கொள்ளாதீர்கள். எலும்பெங்கும் பரவிய புரோஸ்டேட் புற்றுநோயிலும், பாராதைராய்டு மிகைச் செயல்பாட்டிலும், எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவிலும் மருந்து முழுவதையும் எலும்பே விழுங்கிவிடும். படத்தின் அழகே அங்கே நோய்.

இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி

முழங்கையில் பெரிய புள்ளி, அதே பக்க அக்குளில் சிறிய புள்ளி: ஊசி இரத்தக் குழாய்க்கு வெளியே போய், நிணநீர் வழியாக ஏறியிருக்கிறது. எந்தக் கை, எந்த இடம் என்று டோஸ் தாளில் எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும். எழுதாவிட்டால் மார்பகப் புற்றுநோய் நோயாளிக்கு அக்குள் புள்ளி வீண் பீதியைக் கிளப்பும். ஊசி போட்ட கையின் முழங்கைக்குக் கீழே, விரல் நுனிவரை மட்டும் கையுறை போட்டதுபோல் ஏற்றிருந்தால் மருந்து தமனிக்குள் போயிருக்கிறது. தொடையிலோ இடுப்பிலோ புள்ளி என்றால் சிறுநீர்த் துளி; உடையை மாற்றி, தோலைத் துடைத்து, மறுபடி எடுங்கள். புள்ளி போய்விட்டால் எலும்பில் ஒன்றுமில்லை.

மாலிப்டினமே வரவில்லை

2009-10இல் மாலிப்டினம் தயாரிக்கும் கனடாவின் சாக் ரிவர் அணு உலையும் நெதர்லாந்தின் பெட்டன் அணு உலையும் நின்றபோது உலகம் முழுவதும் எலும்பு ஸ்கேன்கள் தள்ளிப்போயின. பெட் (PET) கேமராவும், அருகில் ஐசோடோப் தயாரிக்கும் சைக்ளோட்ரானும் உள்ளவர்கள் பழைய தோழனான ஃபுளோரின்-18க்குத் திரும்பலாம்; 1962இல் பிளாவ் (Blau) என்ற ஆய்வாளரின் குழு எலும்புக்காக அறிமுகப்படுத்தியது அது. ஆக்சிஜன்-18 செறிந்த நீரை புரோட்டானால் தாக்கினால் ஃபுளோரைடு கிடைக்கும். இதில் கிட்டும் இல்லை, வெள்ளீயமும் இல்லை, காற்றைப் பற்றிய பயமும் இல்லை. ஆனால் அரை ஆயுள் 110 நிமிடம். சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டி பாதிக்கும் குறைவாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒதுக்கிய குப்பியை என்ன செய்வது

காரணம் தெரிந்த பிறகும் குப்பியை உடனே குப்பையில் போடாதீர்கள். தேதி, நேரம், மில்லிகியூரி, ஒதுக்கிய காரணம் ஆகியவற்றை எழுதி ஈயத்துக்குள் வையுங்கள். பத்து அரை ஆயுள் போனால் போதும் என்ற வழக்கத்தை நம்பி அறுபது மணி நேரத்தில் எடுத்தால், 100 மில்லிகியூரி இருந்த குப்பியில் இன்னும் 0.1 மில்லிகியூரி இருக்கும், மீட்டர் கத்தும். இன்னொரு அறுபது மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் மீட்டர் பின்னணிக்கு இறங்கவில்லை என்றால் அதில் மிஞ்சியிருப்பது டெக்னீசியம் அல்ல, மாலிப்டினம். அந்த எல்யூட்டின் காலைப் பதிவை எடுத்து மறுபடி பாருங்கள்.